காளானில் புரதம் 3 சதவீதமா, 30 சதவீதமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "வீட்டில் இறைச்சியும் முட்டையும் நிறுத்திவிட்டோம். புரதத்துக்காக வாரத்தில் நான்கு நாள் காளான் சமைக்கிறோம். காளான் தூள் பொட்டலத்தில் 30 சதவீதம் புரதம் என்று இருக்கிறது, ஊட்டச்சத்துப் பட்டியலில் 3 சதவீதம்தான் இருக்கிறது. எதை நம்புவது? காளான் புரதம் இறைச்சிப் புரதம் மாதிரி முழுமையானது என்கிறார்களே, அது உண்மையா?"

இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஒன்று காய்ந்த காளானுக்கு, மற்றது பச்சைக் காளானுக்கு. ஆனால் அந்த 30-க்குள் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் தண்ணீர்.

காளானை வதக்கியவர்களுக்கு இது தெரியும். கடாய் நிறையப் போட்டது சில நிமிடத்தில் தண்ணீர் விட்டுச் சுருங்கி அடியில் ஒதுங்கிவிடும். பச்சைக் காளானில் 90 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். மொட்டுக் காளானில் 92 சதவீதம். ஆக 100 கிராம் பச்சைக் காளான் வாங்கினால் கைக்கு வரும் உலர்ந்த பொருள் 8 முதல் 10 கிராம்தான். வகையையும் வளர்த்த விதத்தையும் பொறுத்து, அந்த உலர்ந்த பொருளில் சுமார் 20 முதல் 35 சதவீதம் புரதம். கணக்குப் போட்டால் 100 கிராம் பச்சைக் காளானில் 2 முதல் 3.5 கிராம் புரதம். மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும் 3 கிராமை ஒட்டி வரும், ஷீட்டாக்கே என்ற காளான் வகை அதற்குச் சற்றுக் கீழே.

இதை உங்கள் தேவையோடு ஒப்பிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் போதுமான பாதுகாப்பு அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். அதை முழுக்கக் காளானிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் தினமும் ஒன்றரை கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். வயிறும் தாங்காது, பொறுமையும் தாங்காது. ஒரு பெரிய முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அந்த ஒரு முட்டையின் அளவை எட்டவே 200 கிராம் காளான் வேண்டும். வேகவைத்த மசூர் பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம் இருக்கிறது. சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 30 கிராம் அளவுக்கு வரும்.

'காளானின் கலோரியில் பாதிக்கு மேல் புரதம்' என்று இன்னொரு வாக்கியம் சுற்றி வருகிறது. அதுவும் பொய்யில்லை. 100 கிராம் மொட்டுக் காளானில் 22 கலோரிதான். அதில் 3 கிராம் புரதத்துக்கு 12 கலோரி. பாதிக்கு மேல் ஆயிற்று. ஆனால் பசலைக்கீரைக்கும் இதே கணக்கு அச்சு மாறாமல் பொருந்தும்: 23 கலோரி, கிட்டத்தட்ட 2.9 கிராம் புரதம். பசலைக்கீரையைப் புரத உணவு என்று யாரும் சொல்வதில்லை. மொத்தமே குறைவாக இருக்கும் பொருளில் எதன் பங்கும் பெரிதாகத்தான் தெரியும்.

சரி, ஒளிந்திருக்கிறது என்று சொன்ன சங்கதிக்கு வருவோம். காளானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது.

உணவில் உள்ள புரதத்தை ஆய்வகத்தில் பெரும்பாலும் யாரும் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தை ஊகிக்கிறார்கள். இந்த முறையைக் கொண்டுவந்தவர் யோஹன் கெல்டால். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் தானியப் புரதத்தை அளக்க வழி தேடிக்கொண்டிருந்தவர், 1883-இல் இதை வெளியிட்டார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறும். பிறகு அதை அம்மோனியாவாக வடித்து அளந்துவிடலாம். சராசரியாகப் புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். எளிமையான கணக்கு. இன்றைக்கும் இதுவும் இதன் வாரிசு முறைகளும்தான் பொட்டலத்தில் அச்சாகும் எண்ணைத் தருகின்றன.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தவர்கள் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலும் சோதனையில் புரதம் நிறைந்த பாலாகத் தெரிந்தது. காளான் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் அதே ஓட்டை அதற்கும் சாதகமாக வேலை செய்கிறது. காளான் செல்லின் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. நண்டு ஓட்டிலும் பூச்சிகளின் மேலோட்டிலும் இருப்பது இதே கைட்டின்தான். அது புரதமல்ல, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. எடையில் பார்த்தால் ஏறக்குறைய 7 சதவீதம். அதோடு நியூக்ளிக் அமிலங்களில் நைட்ரஜன் உண்டு, சில காளான்களில் யூரியாவும் சேர்ந்திருக்கும். 6.25 இவை எல்லாவற்றையும் புரதம் என்றே எண்ணிவிடும்.

அதனால்தான் காளானுக்கு மட்டும் 4.38 என்ற தனிக் காரணியைப் பயன்படுத்துகிறார்கள். மொத்த நைட்ரஜனில் 70 சதவீதம்தான் செரிக்கக்கூடிய புரதத்தைச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டு, 6.25-ஐ 0.7-ஆல் பெருக்கினால் கிடைப்பது இது. வித்தியாசம் சின்னதல்ல. உலர்ந்த காளான் ஒன்றில் 5 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்று வையுங்கள். பழைய காரணியில் 31 சதவீதம் புரதம், காளானுக்கான காரணியில் 22 சதவீதம். ஒரே காளான், ஒரே சோதனை, பெருக்கிய எண் மட்டும் வேறு. சுற்றி வரும் முரண்பட்ட அட்டவணைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். 4.38-உம் ஒரு சராசரிதான், எல்லா வகைக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்து கூட்டுவதுதான் நேர்மையான வழி. அதற்குச் செலவு அதிகம், அதனால் எல்லாரும் செய்வதில்லை.

அளவு போகட்டும், தரம் எப்படி என்று கேட்டால், இங்கே காளானுக்குப் பாராட்டு உண்டு. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் உண்ணக்கூடிய காளான்களில் இருக்கின்றன. 'முழுமையான புரதம்' என்று சொல்வது இதை வைத்துத்தான். எனக்கு இந்தச் சொல்லில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒன்பதும் இருக்கிறதா என்று பார்த்தால் அரிசியிலும் இருக்கிறது, உருளைக்கிழங்கிலும் இருக்கிறது. பார்க்க வேண்டியது எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதை.

அதற்கான அளவுகோலை உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1991-இல் அறிக்கையாக வெளியிட்டன. ஒவ்வொரு தேவையான அமினோ அமிலமும் உடலின் தேவைக்கு எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்து, மிகக் குறைவாக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதைப் புரதம் செரிக்கும் விகிதத்தால் பெருக்கினால் மதிப்பெண் வரும். சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியில் இருக்கிறது என்பதே இதன் தத்துவம். ஆனால் அதில் செரிமானத்தை எலிகளின் கழிவை வைத்துக் கணக்கிட்டார்கள். பெருங்குடலில் கிருமிகள் தின்று தீர்த்ததும் 'செரித்தது' என்றே கணக்கில் ஏறிவிடும். 2013-இல் உலக உணவு வேளாண் அமைப்பு பரிந்துரைத்த புதிய முறை, சிறுகுடலின் முடிவிலேயே நிறுத்தி, ஒவ்வொரு அமினோ அமிலமும் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கிறது. காளான் மாதிரி நார்ச்சத்தும் கைட்டினும் கலந்த உணவுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

காளானில் அந்த மெலிந்த கண்ணி எது? பெரும்பாலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள், அதாவது மெத்தியோனினும் சிஸ்டீனும். சில வகைகளில் லியூசின் என்ற அமினோ அமிலமும் குறையும். லைசின் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. கோதுமை போன்ற தானியங்களில் இதற்கு நேர்மாறு. அங்கே லைசின்தான் பற்றாக்குறை, மெத்தியோனின் பரவாயில்லை. ஆக தானியமும் காளானும் ஒரே தட்டில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுகட்டும்.

இங்கே பலர் தவறும் ஓர் இடம் உண்டு. 'பருப்போடு காளான் சேர்த்தால் புரதம் முழுமையாகிவிடும்' என்பார்கள். பருப்பிலும் பயறிலும் குறைவது அதே மெத்தியோனின்தான். இரண்டு கடன்காரர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போடுவது மாதிரி. பருப்பையும் காளானையும் சேர்த்துச் சமைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் குறையை நிரப்புவது கூட இருக்கும் தானியமோ, எள்ளோ, பாலோதான். எல்லாம் ஒரே வேளையில் விழ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரு நாளைக்குள் கலந்து வந்தால் போதும்.

மொத்தத்தில் காளான் புரதத்தின் தரத்தை நான் எங்கே வைப்பேன்? முட்டைக்கும் பாலுக்கும் கீழே, பயறு வகைகளுக்குப் பக்கத்தில். இறைச்சிக்கு இணை என்ற பேச்சை ஏற்க மாட்டேன்.

செரிமானத்துக்கு வருவோம். முட்டை, பால் புரதம் 95 சதவீதம் அளவுக்குச் செரிக்கும். காளானுக்கு ஆய்வுகள் தரும் எண்கள் 60-இலிருந்து 90 வரை பரந்து கிடக்கின்றன. வகை, சமையல், அளந்த முறை எல்லாமே இதை மாற்றும். அடிப்படைக் காரணம் மறுபடியும் அந்தக் கைட்டின் சுவர்தான். புரதம் செல்லுக்குள்ளே இருக்கிறது, சுவர் உடைந்தால்தான் நொதி உள்ளே போகும். மனித இரைப்பையில் கைட்டினை உடைக்கும் நொதி கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சுவரை முழுசாகக் கரைக்கும் அளவுக்கு இல்லை. அந்த வேலையைக் கத்தி, அடுப்பு, பல் மூன்றும்தான் செய்ய வேண்டும். பொடியாக நறுக்குங்கள், நன்றாக வேகவிடுங்கள், மென்று சாப்பிடுங்கள். தூளாக அரைத்த காளானுக்கு ஒரு நியாயமான சாதகம் உண்டென்றால் அது இதுதான். செரிக்காமல் போகும் கைட்டினும் வீணில்லை, நார்ச்சத்தாக வேலை செய்கிறது.

பச்சையாகச் சாப்பிடுவதை நான் ஆதரிப்பதில்லை. பச்சைக் காளானில் புரதச் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள்கள் சில உண்டு, சூட்டில் அவை செயலிழக்கும். மொட்டுக் காளானில் அகாரிடின் என்ற, உடலுக்குக் கெடுதலாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள் இருக்கிறது, அது சமைத்தால் குறையும். ஷீட்டாக்கேயைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றவர்கள் சிலருக்கு, சாட்டையால் அடித்த மாதிரி முதுகெல்லாம் சிவந்த கோடுகள் விழும். 1977-இல் ஜப்பானில் முதன்முதலாக இதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காட்டில் தானாக முளைத்ததைப் பறித்துச் சமைப்பது வேறு விஷயம். அதில் அடையாளம் தவறினால் எவ்வளவு வேகவைத்தாலும் நஞ்சு போகாத வகைகள் உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, நான் ஏன் வாரா வாரம் காளான் வாங்குகிறேன்? புரதத்துக்காக அல்ல, கூட வருபவற்றுக்காக. 100 கிராம் மொட்டுக் காளானில் ரைபோஃபிளேவின் என்ற பி2 சத்து 0.4 மில்லிகிராம், அதாவது ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. இறைச்சி, முட்டையை விட்டவர்களுக்குக் குறையக்கூடிய சத்துகளில் இதுவும் ஒன்று. நயாசின் 3.6 மில்லிகிராம், தேவையில் கால் பங்குக்கு அருகில். பாந்தோதெனிக் அமிலமும் தாமிரமும் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பொட்டாசியம் 300 மில்லிகிராமுக்கு மேல், சோடியம் மிகக் குறைவு. செலினியமும் உண்டு. 22 கலோரிக்கு இவ்வளவு தரும் உணவுகள் அதிகமில்லை. பி சத்துகள் தண்ணீரில் கரைபவை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அவையும் போய்விடும். வதக்குவதும், விட்ட தண்ணீரை அதிலேயே வற்றவைப்பதும் நல்லது.

டி சத்து விஷயத்தில் காளான் ஒரு விநோதம். நம் தோலில் நடப்பது மாதிரியே காளானிலும் வெயில் டி சத்தை உண்டாக்குகிறது. பூஞ்சைகளின் செல் சவ்வில் கொலஸ்டிராலுக்குப் பதிலாக எர்கோஸ்டெரால் இருக்கிறது. புற ஊதா பி கதிர் பட்டால் அது டி2 சத்தாக மாறுகிறது. இருட்டு அறையில் வளர்ந்த மொட்டுக் காளானில் இந்தச் சத்து இல்லையென்றே சொல்லலாம். அதையே நறுக்கி, நடுப்பகல் நேரடி வெயிலில் கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வைத்தால் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உண்டாகிறது. வளர்ந்த ஒருவரின் தினசரித் தேவையாகப் பலரும் எடுத்துக்கொள்வது 15 மைக்ரோகிராம். பறித்து வந்த பிறகும் இது நடக்கிறது என்பதுதான் அதிசயம். ஒரு நிபந்தனை: கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தால் பலனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். இரத்தத்தில் அளவைத் தக்கவைப்பதில் டி2, விலங்குகளிலிருந்து வரும் டி3-க்குக் கொஞ்சம் பின்தங்குகிறது. ஆனாலும் இறைச்சி, முட்டை, மீன் எதுவும் தொடாதவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

எர்கோதயோனின் என்ற பெயரையும் இப்போது அடிக்கடி பார்ப்பீர்கள். கந்தகம் கொண்ட அமினோ அமில வகைப் பொருள் இது. நம் உடலால் இதைச் செய்ய முடியாது, உணவில் இதன் பெரிய ஊற்று காளான்தான். இதை உள்ளே இழுத்துக்கொள்ள நம் செல்களில் தனியாக ஒரு கடத்தி இருக்கிறது என்று 2005-இல் தெரியவந்தது. வேண்டாத பொருளுக்கு உடல் வாசல் வைத்திருக்காது என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். அதற்காக மாத்திரையாக விற்பவர்கள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு நிலைமையில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: பி12. காளானில் பி12 இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். இருக்கிறது, துளியளவு. மொட்டுக் காளானில் அது பெரும்பாலும் வளர்க்கும் உரத்தின் கிருமிகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சில வகைகளில் பி12 மாதிரித் தோற்றமளிக்கும், உடலுக்கு உதவாத பொருள்களும் உண்டு. பால், தயிர் தினமும் சேர்க்கிறீர்கள் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். அதுவும் இல்லையென்றால் காளானை நம்ப வேண்டாம், மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குக் காளான் சாப்பிட்டால் வயிறு உப்பும். மொட்டுக் காளானில் உள்ள மன்னிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால் காரணமாக இருக்கலாம். அப்படியானால் சிப்பிக் காளானுக்கு மாறிப் பாருங்கள், அதில் இது குறைவு.

பூஞ்சையிலிருந்து செய்த இறைச்சி மாற்று உணவுகளின் புகழையும் காளான் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். 1985-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த குவார்ன் அப்படி ஒன்று. அது காளான் அல்ல, பெரிய தொட்டிகளில் வளர்க்கும் ஃபியூசேரியம் என்ற இழைப் பூஞ்சை. ஈரமான நிலையிலேயே 100 கிராமுக்கு 11 கிராம் புரதம் இருக்கும், தர மதிப்பெண்ணும் உயர்வு. 'பூஞ்சைப் புரதம் பாலுக்கு இணை' என்று எங்காவது படித்தால், பேச்சு இதைப் பற்றித்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் காளான் சமைப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாள்களில் தட்டில் புரதத்தின் இடத்தில் பருப்பு, பயறு, சோயா, பால் பொருள் இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், காளான் காய்கறியின் இடத்தில் வரட்டும். குளுட்டமிக் அமிலம் நிறைய இருப்பதால் காளான் தொட்டதெல்லாம் கறிச்சுவை ஏறும். காய்ந்த ஷீட்டாக்கேயில் குவனிலிக் அமிலமும் சேர்வதால் அந்தச் சுவை பல மடங்காகும். இறைச்சியை விட்ட பிறகு நாக்கு தேடுவது பாதி இதைத்தான், பருப்பை அலுக்காமல் சாப்பிட இது கைகொடுக்கும்.

கடைசியாக அந்தத் தூள் பொட்டலம். 30 சதவீதம் என்பதை 6.25-ஆல் கணக்கிட்டிருந்தால், காளானுக்கான காரணியில் அது 21 சதவீதம். ஒரு வேளைக்கு 10 கிராம் போட்டால் 2.1 கிராம் புரதம் கிடைக்கும், ஒரு முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் குழம்பில் கலந்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள், தண்ணீரில் கலக்கிப் பச்சையாகக் குடிக்க வேண்டாம்.